கரியும் உப்பும்

விருதுநகரில் அந்தக் காலத்தில் பொன்ராஜ் என்ற பெயரில் ஊரறிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். மற்றவர் வீடுகளுக்குக் கரண்டு இழுத்துக் கொடுக்கும் வயர்மேன். வெளியூர்க்காரர் யாராவது வந்து பொன்ராஜ் வீட்டுக்கு வழி கேட்டால் டீக்கடைக்காரர் பாய்லரைத் தட்டிக்கொண்டே திருப்பிக் கேட்பார்.

"எந்தப் பொன்ராசு? விசில் பொன்ராசா, உப்புப் பொன்ராசா?"

வந்தவர் விழிப்பார். வயர்மேனுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "உப்பு மண்டியும் வச்சிருக்காரோ?" என்று கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. பொன்ராஜ் ஒரு குத்து உப்புக்கூட விற்றவர் இல்லை. வேலை செய்த வீடுகளில் உப்பைப் புதைத்தார். அவ்வளவுதான். அது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிறந்தது மல்லாங்கிணற்றுப் பக்கம். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் வெறும் கரிசல் வெடிப்பு என்றிருந்த மானாவாரிக் குடும்பம். தகப்பனார் காலத்திலேயே வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்தவர்கள். பாபநாசம் அணையிலிருந்து கரண்டுக் கம்பி வடக்கே வந்தபோது, கம்பம் நடுவதற்குக் குழி வெட்டும் கூலியாகப் போய்ச் சேர்ந்தார் பொன்ராஜ். குழி வெட்டியவர் கம்பம் ஏறப் பழகினார். கம்பம் ஏறியவர் கம்பி முறுக்கப் பழகினார். கடைசியில் வயர்மேன் லைசென்சும் வாங்கி, விருதுநகரில் வாடகை வீடு பிடித்து உட்கார்ந்துவிட்டார். பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த பாக்கியவதியைக் கல்யாணம் செய்துகொண்டதும் இந்த ஊரில்தான்.

அவருக்கு வந்த வேலையில் பாதி புது வீடு இல்லை, வளர்ந்த வீடு. விருதுநகர் வீடுகள் வளர்ந்துகொண்டே இருந்தன. மண்டியில் வியாபாரம் சூடு பிடித்தால் மேலே ஒரு மாடி. மகனுக்குக் கல்யாணம் என்றால் பக்கத்தில் ஒரு அறை. அறையைக் கட்டி முடித்துச் சுண்ணாம்பும் அடித்த பிறகுதான் விளக்கு ஞாபகம் வரும். "பழைய பல்புல இருந்து ஒரு வயரை இழுத்து இங்கன போட்டு விட்ருமே" என்பார்கள். பொன்ராஜ் மாட்டேன் என்பார். ஒரு ஆள் தூக்குகிற சுமையை இன்னொரு ஆள் தலையிலும் சேர்த்து வைப்பார்களா என்று கேட்பார். மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்து, தேக்குக் கட்டைச் சட்டத்தில் கிளிப் அடித்து, நூல் பிடித்த மாதிரி கொண்டு போய் நிறுத்துவார். வேலை செய்கிறபோது வாய்க்குள் வேதக்கோயில் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஏணியின் மேலே நின்று அவர் முணுமுணுப்பது கீழே நிற்கிறவர்களுக்குத் தேனீ பறப்பது போலக் கேட்கும்.

எந்த வேலையானாலும் கடைசியில் ஒரு குழி உண்டு. புறவாசல் பக்கம் ஆள் மூழ்கும் ஆழத்துக்குத் தோண்டி, நடுவில் இரும்புக் குழாயை நிறுத்தி, ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடுவார். குழாயின் தலையில் செம்புக் கம்பியை முறுக்கி வீட்டு லைனோடு சேர்ப்பார். கரண்டு என்றைக்காவது வழி தவறி இரும்பின் மேல் இறங்கிவிட்டால், அதைத் தொட்ட மனிதன் உடம்பு வழியாகப் போகாமல் அந்தக் கம்பியைப் பிடித்து மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்குகிற வேகத்தில் ஃபியூஸும் எரிந்து கரண்டு நின்றுவிடும். கரியும் உப்பும் எதற்கென்றால் ஈரத்தைப் பிடித்து வைக்க. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற பூமி இது. ஈரம் போய்விட்டால் அந்தக் குழி இருந்தும் இல்லாததுதான்.

அதனால் குழியை மூடுமுன் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். "தாயி, இது உங்க வீட்டுக்குக் காவலு. தெனம் ஒரு செம்புத் தண்ணி மட்டும் ஊத்திருங்க" என்பார். சில வீடுகளில் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். பொன்ராஜ் சிரித்துக்கொள்வார், வேண்டாம் என்று சொன்னதில்லை. மஞ்சள் வைக்கிறவர்கள் தண்ணீரும் ஊற்றுவார்கள் அல்லவா?

சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டில் மட்டும் அப்படிக் கூப்பிட்டுக் காட்டாமல் போனார்.

சங்கரலிங்கம் வத்தல், மல்லி கமிஷன் மண்டி வைத்திருந்தவர். அதிகம் பேசமாட்டார். வீட்டில் தாயார் பேச்சியம்மாள், மனைவி சுப்புத்தாய். கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, அந்த வருஷம்தான் சுப்புத்தாய் முழுகாமல் இருந்தாள். அதற்காகத்தான் அந்த வேலையே. வீட்டின் பின்னால் பிள்ளைக்கென்று காற்றோட்டமாக ஒரு அறை கூடுதலாகக் கட்டினார்கள். கிணற்றில் ஒரு மோட்டார் வைத்தார்கள். யோசனை பேச்சியம்மாளுடையது.

"எம் மருமக இனிமே கயித்தைத் தொடக் கூடாது பொன்ராசு. பித்தானைத் தட்டுனா தண்ணி கொட்டணும். பங்குனிப் பொங்கலுக்குள்ள முடிச்சிருவீகளா?"

"முடிச்சிருவேன் தாயி."

"பேரன் பொறந்ததும் உங்க சம்சாரம் கையிலதான் மொதல்ல குடுப்பேன். ஆசுபத்திரியில அவுகதான இருப்பாக?"

குழி வெட்ட இருளாண்டி வந்திருந்தான். கைவேலைக்கு மேல் வாய்வேலை செய்கிறவன். சாக்கிலிருந்து பொன்ராஜ் உப்பைக் கொட்டும்போது குழிக்குள்ளிருந்தபடியே கேட்டான்.

"ஏண்ணே, மோட்டாரை ஊறுகாய் போடப் போறீகளா?"

"ஏலே, பேசாம மிதி."

"இல்ல, அதுக்குக் கொஞ்சம் வத்தப்பொடியும் சேத்துக்கிட்டா நல்லாருக்கும். அண்ணாச்சி மண்டியில இல்லாத வத்தலா?"

அன்றைக்கு வீட்டில் எல்லோரும் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அமாவாசை. வேதக்காரரான பொன்ராஜுக்கு அது நினைவில் இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது. பாக்கியவதிக்கு டூட்டி இருந்ததால் வீட்டில் பிள்ளைகள் தனியாக இருப்பார்கள் என்ற அவசரம் வேறு. பெண்கள் வரட்டும், காட்டிவிட்டு மூடலாம் என்று முதலில் நினைத்தவர், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிவிட்டார். கடைசி அடுக்குக் கரியை அவர் காலால் மிதித்தபோது இருளாண்டி மண்வெட்டி கழுவப் போயிருந்தான். பொன்ராஜ் வழக்கம்போல் வாய்க்குள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க வந்தவள், சுவருக்கு மேலாக அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, துணியைக்கூட முழுசாக எடுக்காமல் இறங்கிப் போனாள்.

மறுநாள் மோட்டார் ஓடியது. பேச்சியம்மாள் முதல் குடம் தண்ணீரை மருமகள் தலையைச் சுற்றி ஊற்றினாள். அந்த ஆரவாரத்தில் குழியைப் பற்றிப் பேச பொன்ராஜுக்கு இடம் கிடைக்கவில்லை. சிவகாசியில் ஒரு வேலை காத்திருந்தது. அப்படியே போய்விட்டார்.

ஆடி மாதம் சுப்புத்தாய்க்கு ஆஸ்பத்திரியில் பிரசவமானது. ஆண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, அழவே இல்லை. டாக்டரம்மா செய்யக்கூடியதெல்லாம் செய்தும் நடக்கவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி அதைப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தது பாக்கியவதிதான். சொன்ன வாக்கு தலைகீழாக நடந்தது. வீட்டுக்கு வந்த பாக்கியவதி, சேலையைக்கூட மாற்றாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பொன்ராஜ் அவளுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

துக்கம் கேட்கப் போன இடத்தில்தான் சண்முகத்தாய் தன் மனசில் கிடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அமாவாசை அன்று, வீட்டில் ஆளில்லாத நேரத்தில், விளக்கு வைக்கிற பொழுதில், வேதக்கார வயர்மேன் குழிக்குள்ளே கரியும் உப்பும் போட்டு என்னமோ ஓதினார் என்று. பார்த்ததைத்தான் சொன்னாள். ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் தெரு சேர்த்துக்கொண்டது. கரி சுடுகாட்டுக் கரி என்றது ஒரு வாய். "புருஷன் குழி வெட்டுனான், பொண்டாட்டி பிள்ளையை வாங்குனா" என்றது இன்னொரு வாய். பேச்சியம்மாள் குறி சொல்லும் கோடாங்கியிடம் போனாள். அவன் உடுக்கடித்து, புறவாசலில் தண்ணீர்ப் பக்கம் கருத்ததும் வெளுத்ததும் புதைந்து கிடக்கிறது என்றான். கூலியாள் தொடக்கூடாது, வீட்டு ஆண்பிள்ளை கையால்தான் தோண்டி எடுக்க வேண்டும் என்றும் சொன்னான்.

சங்கரலிங்கம் கடப்பாரையை எடுத்தார். அவர் அதையெல்லாம் நம்பினாரா என்பது யாருக்கும் தெரியாது. தாயார் மூன்று நாளாகச் சோறு தின்னவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும். தோண்டத் தோண்டக் கருப்பாகவும் வெள்ளையாகவும் வந்தது. கோடாங்கி சொன்னபடியே வந்தது. அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? குழாயைப் பிடுங்கினார்கள். செம்புக் கம்பியை வெட்டினார்கள். எல்லாவற்றையும் சாக்கில் கட்டி முச்சந்தியில் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து குளித்தார்கள்.

இருளாண்டி ஓடிவந்து சொன்னபோது பொன்ராஜ் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பம்பை அப்படியே போட்டுவிட்டுப் போனார். வாசல் நிலையில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாய்யா. எம்புட்டு ஆழத்துல இருந்துச்சுன்னு பாக்க வந்தியா?"

இதுவரை அவள் அவரை ஒருமையில் பேசியதில்லை.

"தாயி, அது எர்த்து. மோட்டாருக்குக் காவலா வச்சது. ஊரு பூரா எல்லா வீட்லயும்..."

"எங்க வீட்ல கை நனைச்ச ஆளுய்யா நீ. என் கையால மோரு வாங்கிக் குடிச்சியே, அப்பவும் உன் மனசு எறங்கலையா? எங்க மேல உனக்கு என்ன கோவம்?"

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

சங்கரலிங்கம் உள்ளேயிருந்து வந்தார். பொன்ராஜைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் மோட்டார் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் உறுமியது. இரும்புக் குழாயில் தண்ணீர் கொட்டியது.

"ஓடுதா?"

"ஓடுது அண்ணாச்சி."

"குழாயைப் பிடுங்கியாச்சு. கம்பியையும் வெட்டியாச்சு. அது இல்லாமலும் ஓடுதுல்ல? அப்ப அது எதுக்கு இருந்துச்சு, சொல்லுங்க."

பொன்ராஜ் சொல்லத்தான் செய்தார். வழி தவறுகிற கரண்டு, ஃபியூஸ், ஈரம் எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் அவர் குரல் அவருக்கே பொய் சொல்கிறவன் குரல் போலக் கேட்டது. விளக்கு எரிவதைக் காட்டலாம், விசிறி சுற்றுவதைக் காட்டலாம். கெட்டது நடக்கிற நிமிஷத்தில் மட்டும் வேலை செய்கிற ஒன்றை எப்படிக் காட்டுவது?

"மறுபடி வச்சுத் தாரேன் அண்ணாச்சி. இல்லேன்னா மோட்டாரை ஓட்டாதீக."

"நீங்க இனிமே இங்கன வர வேண்டாம் பொன்ராசு" என்றார் சங்கரலிங்கம். குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

வீட்டில் பாக்கியவதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவுக கோயில்ல இருந்து வர்ற வரைக்கும் செத்த நேரம் நின்னிருக்கக் கூடாதா?"

பொன்ராஜ் போட்டுவிட்டுப் போன பம்பை எடுத்து, சைக்கிளுக்கு மீதிக் காற்றை அடித்தார்.

அதற்குப் பிறகு விருதுநகரில் அவரைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். கூப்பிட்டவர்களும், "அந்தக் கரி, உப்பு சமாச்சாரமெல்லாம் வேண்டாம், விளக்கை மட்டும் போடுங்க" என்றார்கள். குழி இல்லாமல் வேலை செய்ய மாட்டேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். உப்புப் பொன்ராசு என்ற பெயர் அப்போதுதான் முளைத்தது. அடுப்பு எரிய வேண்டுமே என்று சிவகாசிக்கும் விஸ்வநத்தத்துக்கும் சைக்கிள் மிதித்தார். அங்கே பட்டாசுக் கம்பெனி முதலாளிகள் வீடுகளைக் கூட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் வீட்டிலேயே, மறைக்கக் கூடாது என்று, குழியைப் பற்றியும் கதையைப் பற்றியும் தானே சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கரியும் உப்புமா? எங்களுக்குச் சோறே அதுதானய்யா. என்ன, நாங்க வெடியுப்பு போடுவோம், கூட கந்தகமும் சேப்போம். நீரு எம்புட்டு வேணாலும் பொதையும்."

பொன்ராஜும் சிரித்தார். ஆனால் அங்கே கிடைத்த நல்ல பேர் அவருக்கு ஒட்டவே இல்லை. விருதுநகரில் அந்த ஒரு வீடு, அது செய்வினை இல்லை என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். பேச்சியம்மாள் பழையபடி "வாங்க பொன்ராசு" என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான். அதோடு, காவல் இல்லாத அந்த மோட்டார் ராப்பகலாக நெஞ்சுக்குள் உறுமிக்கொண்டிருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் அந்த வீட்டுப் பின்சந்து வழியாகப் போனார். கிணற்றடிச் சுவர் அங்கே நெஞ்சளவுதான். சுப்புத்தாய் கயிறு போட்டு இறைத்துக்கொண்டிருந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அவரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அண்ணே, அத்தை உள்ள இருக்காக. சட்டுனு சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல தாயி. அந்த மோட்டாரைப் போடாதீக. அம்புட்டுதான் சொல்ல வந்தேன்."

"போடல. நீங்க அன்னைக்கு அவுககிட்ட சொன்னதெல்லாம் நான் உள்ள இருந்து கேட்டேன். அதான் கயித்துலயே எறைக்கேன்."

பொன்ராஜ் சுவரை நெருங்கி வந்தார். அந்த வீட்டில் ஒருத்தி நம்பியிருக்கிறாள்.

"அப்ப அந்தச் சுவிட்சுப் பெட்டியில இருக்க பியூஸ் கட்டையை உருவி எங்கனயாவது போட்ருங்களேன். மோட்டாருக்குக் கரண்டே போகாது."

"ஐயோ, எனக்குப் பயமா இருக்குண்ணே. அவுக பாத்தா யாரு சொன்னான்னு கேப்பாக. உங்க பேரை எடுத்தாலே அத்தை அழ ஆரம்பிச்சிருதாக. நான் போடலேன்னா யாரு போடப் போறா? அத்தைக்குச் சுவிட்சுன்னாலே நடுக்கம்."

அதுவும் சரிதான் என்று தோன்றியது. சுவர் ஏறிக் குதித்து அந்தக் கட்டையைத் தானே உருவியிருக்கலாம். திருடன் என்ற பேரும் சேர்ந்திருக்கும். அவ்வளவுதானே? பின்னாளில் அதை எத்தனையோ தரம் நினைத்தார். அன்றைக்கு, "பத்திரம் தாயி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்த வருஷம் நல்ல மழை. தை பிறந்து கொஞ்ச நாளில், விஸ்வநத்தத்தில் ஏணி மேல் நின்று கிளிப் அடித்துக்கொண்டிருந்தவரைக் கீழேயிருந்து இருளாண்டி கூப்பிட்டான். அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"அண்ணே, எறங்குங்க. மொதல்ல எறங்குங்க, அப்புறம் சொல்லுதேன்."

பேச்சியம்மாள் கிணற்றடியில் விழுந்து கிடந்தாளாம். குடம் உருண்டு கிடந்ததாம். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

பொன்ராஜ் சைக்கிளை மிதித்து ஊர் வந்து சேர்ந்தபோது தெருவில் கூட்டம். அவர் தெருமுனையிலேயே நின்றார். அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. "குழியை எடுத்த பெறகும் வினை விடல பாத்தியா, கெளவியை வாங்கிட்டுத்தான் போச்சு" என்று யாரோ சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. பாடைத்தேர் கிளம்பித் தன்னைக் கடந்து போகிற வரை தலையில் துண்டு போடாமல் வெயிலில் நின்றார். மோர் கொடுத்த கை ஓலைப்பாயின் ஓரத்தில் அசைந்தபடி போனது. சங்கரலிங்கம் தீச்சட்டியோடு முன்னால் போனார். பொன்ராஜைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று தெரியவில்லை.

ஆவணி மாதம் ஆள் வந்தது. அண்ணாச்சி வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்று. பொன்ராஜ் பையை எடுத்துக்கொண்டு போனார். சுப்புத்தாய் நிறைமாதமாக இருந்தாள். கிணற்றடியில் பழைய இடத்திலேயே குழி தோண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சாக்குக் கரி, ஒரு ஓலைப்பெட்டி நிறைய உப்பு. சங்கரலிங்கம் கடப்பாரையை ஊன்றிப் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றுக்குள் பார்த்து நின்றார். வேட்டியெல்லாம் மண். தோண்டியது அவர்தான் என்று தெரிந்தது.

"நான்தான்ணே கூப்பிடச் சொன்னேன்" என்றாள் சுப்புத்தாய். "பிள்ளை வர்றதுக்குள்ள இது வேணும்னு சொன்னேன். அவுக ஒண்ணும் சொல்லல. காலையில எந்திரிச்சுத் தோண்ட ஆரம்பிச்சுட்டாக."

பொன்ராஜ் மோட்டாரைத் திறந்து பார்த்தார். மழைக்காலம் முழுக்க ஓடாமல் கிடந்ததில் ஈரம் ஏறி, உள்ளிருந்த கம்பிச் சுற்று கருகி, கரண்டு இரும்பில் இறங்கியிருந்தது. ஓட்டாதே என்று சொன்னவர் அவர்தான். அதை வாய் விட்டுச் சொல்லவில்லை. வேறு சுற்று கட்டிக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொன்னார். குழாயை நிறுத்தினார். கரியைக் கொட்டினார். உப்புக்குக் கை போகுமுன் நின்றார்.

"உங்க கையால போடுங்க தாயி."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் குனிந்து, இரண்டு கையாலும் உப்பை அள்ளிப் போட்டாள். போட்டுக்கொண்டே தணிந்த குரலில் பேசினாள்.

"அன்னைக்கு எனக்குக் கொமட்டலா இருந்துச்சுண்ணே. கயித்தைப் பிடிச்சுக்கிட்டே ஒக்காந்துட்டேன். அத்தைக்கு உடனே தெரிஞ்சு போச்சு. சிரிச்சாக. செத்த பிள்ளைக்குப் பெறகு அன்னைக்குத்தான் சிரிச்சாக. நீ உள்ள போயி படு தாயி, நான் மோட்டாரைப் போட்டுக்கிடுதேன்னாக. வேண்டாம் அத்தைன்னேன். ஏன்னு கேட்டாக. உங்க பேரைச் சொல்லணும்ல? சொன்னா அந்தச் சிரிப்பு போயிருமேன்னு, கயித்துத் தண்ணிதான் எனக்குக் குளிர்ச்சின்னு சொன்னேன். போடி கிறுக்கின்னு சொல்லிட்டு, முந்தானையைச் சுருட்டிக் கையில சுத்திக்கிட்டு சுவிட்சைத் தட்டுனாக. அம்புட்டுப் பயம் அவுகளுக்கு. சுவிட்சு ஒண்ணும் பண்ணல. குழாய்க்கு அடியில கொடத்தை வச்சாக பாருங்க..."

அவள் நிறுத்தினாள். கையில் ஒட்டிய உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, இந்தக் குழி அன்னைக்கு இருந்திருந்தா அத்தை இருந்திருப்பாகளா?"

பொன்ராஜ் இந்தக் கேள்விக்காகத்தான் தையிலிருந்து காத்திருந்தார். ஏணி மேல் நின்று, சைக்கிளில் போய், பாயில் படுத்து, இதற்குப் பதிலை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்! "ஆமா" என்று ஒரு சொல். சுவருக்கு அந்தப் பக்கம் சண்முகத்தாயின் தலை தெரிந்தது. அவள் காதில் விழுந்தால் போதும். விளக்கு வைக்கிறதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அவர் பேர் கழுவிவிட்டதுபோல ஆகிவிடும்.

சங்கரலிங்கம் திரும்பவில்லை. ஆனால் கடப்பாரையைப் பிடித்திருந்த கை விரல்கள் வெளுக்க வெளுக்க இறுகின. அந்தக் கைதான் தோண்டியது. அதே கடப்பாரை.

"சொல்ல முடியாது தாயி" என்றார் பொன்ராஜ். "ஈரம் ஏறுன மோட்டாரு. குழி இருந்தாலும் சில நேரம் கரண்டு முந்திக்கிடும். அவுக காலம் அப்படி."

சுவருக்கு மேலே சண்முகத்தாய் உச்சுக்கொட்டிவிட்டு மறைந்தாள். சங்கரலிங்கம் கடப்பாரையை மெதுவாகக் கீழே கிடத்திவிட்டு வீட்டுக்குள் போனார். சுப்புத்தாய் பொன்ராஜையே பார்த்தாள். ஒரு செம்பு தண்ணீர் எடுத்துக் குழாய்த் தலையில் ஊற்றினாள். கரி அதைச் சத்தமில்லாமல் குடித்தது.

"ஒரு வார்த்தைதான? சொல்லியிருக்கலாம்ல?" என்று பாக்கியவதி வீட்டில் கேட்டாள். "பிள்ளைகளை இஸ்கூல்ல உப்பு உப்புன்னு கூப்பிடுதாகளே, அதையாவது நெனச்சுப் பாத்தீகளா?"

"அவரு கையாலதான தோண்டுனாரு" என்றார் பொன்ராஜ். பாக்கியவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் தீர அவளுக்கு நாள் பிடித்தது.

சுப்புத்தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. உப்புப் பொன்ராசு என்ற பெயர் போகவே இல்லை. காலப்போக்கில் அதில் விஷம் வற்றிப்போய் வெறும் அடையாளமாக நின்றது. என்றாலும் யாராவது தெருவில் அப்படிக் கூப்பிட்டால் பெடலில் இருக்கும் அவர் கால் ஒரு கணம் நின்று பிறகுதான் மிதிக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பெண் வந்து தன் கையால் உப்பை அள்ளிப் போடாமல் அவர் குழியை மூடியதில்லை. எத்தனை நேரமானாலும் உட்கார்ந்திருப்பார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. கிணறெல்லாம் அடி தெரிந்துவிட்டது. தெருவில் வண்டித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை பிடித்து நின்றன. சங்கரலிங்கம் வீட்டு மாடியில் இன்னொரு அறை கூட்டிக் கட்டியிருந்தார்கள். அளவு பார்க்கப் பொன்ராஜ் காலையிலேயே போயிருந்தார். சுப்புத்தாயும் மகளும் தண்ணீருக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தார்கள். புறவாசலில் யாரோ இருக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

சங்கரலிங்கம் குளித்து முடித்திருந்தார். வாளியின் அடியில் மிஞ்சிய தண்ணீரைச் செம்பில் வடித்து, குனிந்து, குழாய்த் தலையில் ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பூமி வாய் பிளந்து கிடந்தது. குழாயைச் சுற்றி மட்டும் மண் கருப்பாக, ஈரமாக இருந்தது. ஒரு நாள் ஊற்றினால் அப்படி இருக்காது. குழி இருந்தாலும் கரண்டு முந்திக்கிடும் என்று தான் சொன்னதை நம்பியவர் இப்படி ஊற்றமாட்டார் என்று பொன்ராஜுக்குப் பட்டது.

நிமிர்ந்தவர் பொன்ராஜைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த செம்பை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் கொஞ்ச நேரம் நின்றார்.

"காஞ்சிறக் கூடாதுல்ல" என்றார்.

"காயக் கூடாது அண்ணாச்சி" என்றார் பொன்ராஜ்.

சங்கரலிங்கம் ஈரத் துண்டால் வெகு நேரம் முகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். பொன்ராஜ் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். அன்றைக்கு அவர் வாயில் பாட்டு வரவில்லை.